குனிந்த அப்போலோ

லவோதிக்கேயாக்காரர்கள் மேல் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது ஐயா. என் மனைவியே அந்த ஊர்தான். இப்போது போர்த்தியிருப்பதும் அவர்கள் கம்பளிதான், கொஞ்சம் உறுத்தினாலும்.

எங்கள் ஊர் எராப்போலியும் அந்த ஊரும் உறவு கொண்டாட வெண்கலக் காசு அடிப்பதென்று முடிவானது. அவர்கள் சாமி ஜீயஸும் எங்கள் சாமி அப்போலோவும் கைகோத்து நிற்பதாகப் படம். எங்கள் தரப்பில் பொறுப்பு எனக்கு. அவர்கள் தரப்பில் திமோக்கிளஸ் என்றொரு நெட்டையன். அவன் கொண்டுவந்த முதல் படத்தில் எங்கள் சாமி ஜீயஸின் காதளவுதான் இருந்தார். ஏன் என்று கேட்டேன்.

"என்ன கிளைக்கோன் அண்ணே, உங்கள நிக்க வச்சுப் பார்த்துத்தானே வரைஞ்சது."

சபையே சிரித்தது. எங்கள் ஊர்ச் சபை ஐயா. நானும் சிரித்து வைத்தேன்.

ஒருவழியாகச் சம உயரம் என்று எழுதி முத்திரை வைத்தோம். காசு அச்சை அவர்கள் ஊரில் செதுக்கினார்கள். திருவிழாவன்று காசு மூட்டை மூட்டையாக வந்து, ஊரெல்லாம் கொடுத்தும் ஆயிற்று. அப்புறம்தான் உற்றுப் பார்த்தேன். எங்கள் அப்போலோ ஜீயஸுக்கு முன்னால் தலை குனிந்திருந்தார். காசோடு வந்திருந்த திமோக்கிளஸிடம் காட்டினேன்.

"தோளுக்குத் தோள் சமம்தானே, நூல் புடிச்சுப் பாருங்க. கழுத்து மட்டும் லேசா மடங்கியிருக்கு. மரியாதை தெரிஞ்ச சாமி, விடுங்கண்ணே."

விட்டுவிட்டேன். கோபமே வரவில்லை. விருந்தாளியாயிற்றே என்று, கோயிலை ஒட்டிய பாதாளக் குகையைக் காட்ட அழைத்துப் போனேன். அதன் வாசலில் விஷக்காற்று தரையோடு படிந்து கிடக்கும். நிமிர்ந்து நிற்கும் பூசாரிக்கு ஒன்றும் ஆகாது; பலிக்கு வரும் காளை தலையைத் தாழ்த்தினால் செத்து விழுந்துவிடும். வெயில் ஏறினால் காற்று கலைந்துவிடும் என்பார்கள். அன்று மேகமூட்டம். கலைந்துவிட்டது என்று நான்தான் சொன்னேன்.

அவன் கீழே நின்றான். நான் இரண்டு படி மேலே. முதல் தடவையாக எங்கள் தலைகள் சமமாக இருந்தன. புதுக்காசு ஒன்றை அவன் காலடியில் நழுவவிட்டேன்.

"எடுத்துப் பாருங்க தம்பி, மரியாதை எப்படி இருக்குன்னு."

குனிந்தான். நிமிரவில்லை. தூக்கிவிட வேண்டுமென்றால் நானும் குனிந்திருக்க வேண்டும். அது மட்டும் என்னால் ஆகாது.

சாமிக்காகச் செய்தேன், ஊருக்காகச் செய்தேன். என் உயரத்துக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. என்ன தண்டனை என்றாலும் சரி. ஆனால் வாக்குமூலத்தின் மேலே "குட்டையான ஆள்" என்று எழுதியிருக்கிறீர்களே, அதை அடித்துவிட்டு "நடுத்தர உயரம்" என்று போடுங்கள் ஐயா.