தாய்மாமன் சம்மதம்

"என் கருமுட்டைய எடுத்து வைக்கிறதுக்கு மாமா எதுக்குச் சம்மதம் சொல்லணும்?"

மதுரையிலிருந்து சிவகாசி போகும் பஸ்ஸில் பாதிப் பேர் தூங்கிக்கொண்டிருந்தோம். இந்தக் கேள்விக்கு எல்லோரும் விழித்துக்கொண்டோம். கேட்டது எனக்கு முன் சீட்டில் மாஸ்க் போட்டிருந்த பெண். பதினாறு வயது இருக்கும்.

"மெதுவாப் பேசுடி," என்றாள் பக்கத்திலிருந்த அம்மா. "நம்ம வீட்ல மாமாவக் கேக்காம எது நடந்திருக்கு?"

அந்த மாமா எதிர் வரிசையில் இருந்தார். தீபாவளி சீசனில் பட்டாசுக் கம்பெனிக்கு லீவு போட்டு வந்த கடுப்பு முகத்தில் தெரிந்தது.

"கேன்சருக்கு ஊசி போட்டா பிள்ள பிறக்காமப் போகலாம்னுதானே சொல்றாக? முதல்ல உசிரு பொழைக்கட்டும். இதுக்காக வைத்தியத்தத் தள்ளிப் போடணுமாக்கும்? வெளிய தெரிஞ்சா எவன் கட்டுவான்?"

"உங்க மகனக் கட்டணும்னு நான் அழுதேனா?"

அம்மா அவள் கையில் கிள்ளினாள்.

"சரி, உனக்குப் பிள்ள வேணுமா? அதச் சொல்லு," என்றார் மாமா.

"எனக்கென்ன தெரியும்? பிளஸ் ஒன் கெமிஸ்ட்ரியே மண்டைல ஏறல. ஆனா மாமா, வீட்டுக்கு வந்தவுக அம்புட்டுப் பேரும் என்னையப் பாத்து அழுதுட்டுத்தான் போனாக. அந்த டாக்டரம்மா மட்டுந்தான் 'உனக்கு முப்பது வயசாகும்போது'ன்னு பேச்சையே ஆரம்பிச்சாக. வேணுமா வேணாமான்னு அந்த முப்பது வயசுக்காரி சொல்லட்டும்."

விருதுநகரில் பஸ் நின்றபோது மாமா அம்மா பக்கம் திரும்பினார்.

"எடுத்து வைக்கட்டும்க்கா," என்றார் கடைசியில்.

"சரி மாமா. சடங்குக்கு வந்த மாதிரி இதுக்கும் மேளத்தோட சீர்த் தட்டத் தூக்கிட்டு வந்துராதீக."