எதிர்த் திசை வில்

ரெஜி: இரு, இரு... உள்ள போனதுலேந்து வரிசையா சொல்லு. நான் சர்ச்சு கேட்டாண்டயே நின்னுகினு இருந்தேன், ஒண்ணும் கேக்கல.

தேவப்பிரியம்: மொதல்ல வண்டிய எடுய்யா.

ரெஜி: எங்க எடுக்கறது? முன்னாடி பாரு. ராயபுரத்துலேந்து திருவொத்தியூரு வரைக்கும் கண்டெய்னர் லாரிதான். இன்னிக்கு வூடு போய்ச் சேந்த மாரிதான். நீ சொல்லும்மே!

தேவப்பிரியம்: கத்தாத... சரி. உள்ள போனேன். கொயர்ல வாசிக்கற அல்லாரும் உக்காந்துகினு கீறாங்க. கொயர நடத்தற குணசேகரன் சார் என்னப் பாத்ததும் "நீயா?"ன்னாரு.

ரெஜி: ம்... அப்பறம்?

தேவப்பிரியம்: "சரி, எடு, பாப்போம்"ன்னாரு. வயலின எடுத்து வலது தோள்ல வச்சேன்... ஒரு அம்மா சிரிச்சிட்டாங்க. "திருப்பிப் புடிச்சிருக்கியேம்மா"ன்னு.

ரெஜி: யாரு அது?

தேவப்பிரியம்: பாத்தியா? இதுக்குத்தான் உன்ன உள்ள வராதன்னேன்.

ரெஜி: சரி, நான் வாயே தொறக்கல. நீ இன்னா சொன்ன?

தேவப்பிரியம்: "திருப்பில்லாம் புடிக்கல. எனக்கு வில்லு இடது கையில, வெரலு வலது கையில"ன்னேன். "அப்போ கம்பி?"ன்னாரு சார். கம்பிய எதிர் வரிசையா மாத்தி, கம்பியத் தாங்கற பிரிட்ஜ திருப்பி, உள்ளார நிக்கிற குச்சியக்கூட அந்தாண்ட தள்ளி வச்சிருக்குன்னேன். கையில வாங்கி, ஓட்டையில கண்ண வச்சிப் பாத்தாரு ரெஜி!

ரெஜி: யானைக்கவுனி வயலின் கடைக்காரன் "இன்னா, வெளையாடறீங்களா"ன்னு கேட்டானே... அவன இட்டாந்து காட்டியிருக்கணும்.

தேவப்பிரியம்: அவனாச்சும் மாத்திக் குடுத்தான். தண்டையார்பேட்டை மாஸ்டர் "சோத்துக் கையில வாசி, இல்லாட்டி வராத"ன்னுட்டாரே.

ரெஜி: நீயும் ரெண்டு மாசம் சோத்துக் கையில இழுத்துப் பாத்தியே... மரம் அறுக்கற மாரி. கீழ் வூட்டுத் தஸ்னீம் வந்து "அக்கா, உங்க வூட்டுல பூனை எதுனா மாட்டிகிச்சா"ன்னு...

தேவப்பிரியம்: யோவ்!

ரெஜி: மெய்யாலுமே கேட்டுச்சி! அப்பறம் வீடியோவுல எதிர்ல உக்காந்து வாசிக்கறவங்கள, கண்ணாடியப் பாக்கற மாரி அப்படியே பாத்து நீ இடது கையில இழுத்த பாரு... அன்னிக்குத்தான் அது வயலினுன்னு ஒத்துகிச்சி.

தேவப்பிரியம்: கத சொல்ல வுடுறியா, இல்லியா?

ரெஜி: சொல்லு, சொல்லு. வாசிச்சியா?

தேவப்பிரியம்: வாசிச்சேன். நடுவுல ஒரு எடத்துல வெரலு வழுக்கிச்சி. செத்தேன்னு நெனச்சேன்... ஆனா நிறுத்தல. கண்ண மூடிகினு இழுத்தேன். அதுக்கப்பறம் பாட்டுதான் கேட்டுது, வேற ஒண்ணும் கேக்கல.

ரெஜி: ஒரு லாரிக்காரன் ஹாரன வுடாம அடிச்சானே, அதுகூடவா?

தேவப்பிரியம்: இல்லியே...

ரெஜி: நான் அவன்கிட்ட சண்டையே போட்டேன்! "உள்ள எம் பொண்டாட்டி வாசிச்சிகினு கீறா, நிறுத்துடா"ன்னு.

தேவப்பிரியம்: அட பேஜாரே! உன்ன வெளிய நிக்க வச்சதும் தப்பாப் போச்சா?

ரெஜி: அத்த வுடு. முடிச்சதும் இன்னா சொன்னாங்க?

தேவப்பிரியம்: அந்தச் சிரிச்ச அம்மா எந்திரிச்சாங்க...

ரெஜி: எந்திரிச்சி?

தேவப்பிரியம்: தன் சேர உள்பக்கமா நகத்திப் போட்டாங்க. "நீ ஓரத்துல உக்காரு கண்ணு. அப்பத்தான் உன் வில்லும் என் வில்லும் இடிச்சிக்காது"ன்னாங்க.

ரெஜி: நாம பக்கத்துல உக்காந்து சோறு துன்னா கை முட்டி இடிக்குமே, அந்த மாரி!

தேவப்பிரியம்: அதேதான்! சார் சிரிச்சிட்டாரு. "கிறிஸ்மஸ் ஆராதனைக்கு ரெண்டாவது வரிசை, ஓரத்து சேரு உனக்கு"ன்னாரு.

ரெஜி: ஏய்ய்ய்! அண்ணாத்த... டிரைலர் அண்ணாத்த! எம் பொண்டாட்டி கொயர்ல சேந்துட்டா!

தேவப்பிரியம்: ஐயோ, மானத்த வாங்காதய்யா... பாரு, அவரு ஹாரன் அடிக்கிறாரு.

ரெஜி: வாழ்த்து சொல்றாரும்மே!

தேவப்பிரியம்: ரெஜி...

ரெஜி: இன்னா, திடீர்னு கொரலு எறங்குது?

தேவப்பிரியம்: ஒண்ணு சொன்னா கோச்சிக்க மாட்டியே? சார் என்ன வரச் சொன்னாருன்னு உங்கிட்ட சொன்னேன்ல... அது பொய்யி. வியாழக்கிழம போன் பண்ணி, "இடது கைன்னு கேள்விப்பட்டேன், வரிசையில ஒத்து வராதும்மா, வராத"ன்னுட்டாரு. உனக்குத் தெரிஞ்சா நேரா போயி சண்ட போடுவ. அதான் மறச்சிட்டேன். வந்தது வரட்டும், ஒரு தபா வாசிச்சிட்டாவது வரலாம்னுதான் போனேன்... லாரி நகருது பாரு, வண்டிய எடு.

ரெஜி: எடுக்கறேன்... வியாழக்கிழம நீ குளிச்சிகினு இருந்தப்ப உன் போனு அடிச்சிச்சி, நான்தான் எடுத்தேன். இதேதான் சொன்னாரு, "உங்க வீட்டம்மாகிட்ட சொல்லிடுங்க"ன்னாரு. சொன்னா நீ வயலினயே மறுபடி தொட மாட்டியோன்னு பயந்து, நான் சொல்லல... அவரு திரும்ப உனக்கே போன் போடுவாருன்னு எனக்கு இன்னாம்மே தெரியும்?