படிக்கட்டில நிக்கிற மெசின்

...ஐயோ தங்கச்சி, முட்டாதேங்கோ! உது வெறும் பெட்டியில்லை, மா திரிக்கிற மெசின். என்ர கதவுக்குள்ள போகேல்லை, எட்டு மாசமா உந்தப் படிக்கட்டு வளைவிலதான் நிக்குது. உங்கட அலுமாரி உதைத் தாண்டி ஏறாது, இப்பவே சொல்லிப்போட்டன். கீழ லொறிக்காரன் ஹோன் அடிச்சா அடிக்கட்டும், விடுங்கோ. நான் கனகேஸ்வரி, ரெண்டாம் மாடி. நீங்கள்தானே மூண்டாம் மாடிக்குப் புதுசா வாற ஆக்கள்? நல்லது, நல்லது. மற்ற ஆக்கள் உந்த மெசினால என்னோட கதைக்கிறேல்ல.

ஆர் தந்ததோ? வெளிநாட்டுப் பெரிய நிறுவனம்! பொய் சொல்லக்கூடாது, வெள்ளத்தில இந்தக் கொட்டாஞ்சேனை ஒழுங்கையில கீழ் வீடுகளில இருக்கிற எங்கட குழுப் பொம்பிளையள் ஆறு பேற்ற அடுப்படியும் தண்ணிக்குள்ள கிடக்கேக்க முதல் வந்து நிண்டது அவையள்தான். அரிசி, பாய், மருந்து... பிறகு? மெசினை இறக்கிச்சினம், றிப்பன் வெட்டிச்சினம், போட்டோ எடுத்திச்சினம், போயிட்டினம். உது ஓட மில்லுகளுக்குக் குடுக்கிற த்ரீ பேஸ் கரண்ட் வேணுமாம். இஞ்ச எங்க அது? பேன் ரெண்டு போட்டாலே லைட் மங்குது!

அந்தக் கரண்ட் இருக்கோ எண்டு அவை கேக்கேல்லையோ? ...கேட்டவை. போர்மில கேட்டவை. குழுத் தலைவி எண்டு நான்தான் எல்லாத்துக்கும் ஓம், ஓம் எண்டு போட்டனான். ஒண்டுக்கு இல்லை எண்டு போட்டாலும் தரமாட்டாங்கள் எண்டு எல்லாருக்கும் தெரியும்தானே!

இந்தப் பர்ஸானா இருக்கிறாவே, அவ வேற மாதிரி. சோசல் என்டர்பிரைஸாம். சும்மா ஒரு தேத்தண்ணிகூடத் தரமாட்டா. ஆனா செவ்வாய்க்குச் செவ்வாய் வந்து, நாங்கள் வீட்டுக் கிரைண்டரில திரிக்கிற குரக்கன் மாவைக் காசு குடுத்து எடுப்பா. கல்லுக் கடிச்சா அப்பிடியே திருப்பி அனுப்புவா. எனக்கு வந்த கோவம்! ஆனா பாருங்கோ, மூண்டாம் தரம் கல்லே இல்லை. இப்ப கொள்ளுப்பிட்டிக் கடையளில எங்கட மா, தெரியுமோ! வாற லாபமும் திரும்ப எங்கட வேலைக்குத்தான். வெள்ளம் வந்தா அவையள் வேணும் தங்கச்சி, வடிஞ்ச பிறகு செவ்வாய்க்குச் செவ்வாய் இவ வேணும். எங்கட குழுவில ஷாமிலா எண்டு ஒருத்தி, அந்தக் காசிலதான் மகளைப் படிப்பிக்கிறாள்.

இப்ப கடைக்காரர் மூண்டு மடங்கு மா கேக்கினம். ஷாமிலாட கிரைண்டர் எரிஞ்சுபோச்சு, உரலில இடிக்கிறாள் பாவம். ஒருகொடவத்தையில தன்ர ஸ்டோர்ஸில அந்தக் கரண்ட் இருக்கு, மெசினை அங்க வைச்சு எல்லாரும் வந்து திரியுங்கோ எண்டு பர்ஸானா சொல்லுறா. இண்டைக்கு முடிவு சொல்லாட்டி ஓடர் வேற ஆக்களுக்குப் போயிடும். நான் சொல்லிப்போட்டன், நிறுவனம் சம்மதக் கடிதம் தராமல் மெசினை அசைக்கேலாது எண்டு.

கடிதமோ...? வந்திட்டுது. போன மாசம். என்ர அலுமாரி லாச்சிக்க கிடக்கு. என்ன அப்பிடிப் பாக்கிறியள்? மெசினில இருக்கிற உந்தத் தகட்டை வாசியுங்கோ: 'தலைவி, திருமதி கனகேஸ்வரி.' ஐம்பத்தெட்டு வயசில இப்பதான் ஒருத்தர் என்ர பேரை அடிச்சு ஒட்டியிருக்கிறார். அங்க போனா பர்ஸானாட மெசின் எண்டெல்லே சொல்லுவினம்...

நேற்றும் ஷாமிலா வீங்கின கையோட வந்து, "அக்கா, கடிதம் வந்திட்டுதோ?" எண்டு கேட்டவள். நான் இல்லை எண்டனான். வெக்கமாக் கிடக்கு தங்கச்சி.

...உங்கட லொறி இனி வெறுமையாத்தானே போகும்? எவடத்துக்கு? ஒருகொடவத்தைக்கோ! ஐயோ கடவுளே.

சரி. கூப்பிடுங்கோ உங்கட ஆக்களை, மெசினை லொறியில ஏத்தட்டும். மல்லி, தம்பி, ஹெமின், ஹெமின்! மெதுவாத் தூக்குங்கோ! தகட்டில மட்டும் கை வைக்காதேங்கோ!