ஆத்துமணல்ல காஞ்ச மிளகாய்

இருங்க அண்ணாச்சி, எந்திரிக்காதீங்க. ஒரு குட்டிக் கதை... சொல்லிட்டு விட்டுருதேன்.

ஆனி, ஆடிக் காத்து எங்கேருந்து வருது? மேக்க, கடல்லேருந்து. தண்ணியைச் சுமந்துக்கிட்டு வருது. நடுவுல மலை மறிச்சு நிக்குது. மலை மேலேயே மொத்தத்தையும் கொட்டிருது. நமக்கு? வெறும் காத்து! நம்ம மழை ஐப்பசியில கிழக்கேருந்துல்லா வரணும்? அதுவரைக்கும் நம்ம ஆறு ஆறா? காயப்போடுற களம்!

அப்படித்தான் நெனச்சா செல்லக்கனி. மலையடிவாரத்து ஊர்க்காரி. ஆத்துமணல்ல மிளகாயைக் காயப் போட்டுட்டு, ஆத்துக்குள்ள நிக்கிற மருதமரத்துல தொட்டில் கட்டிப் புள்ளையப் போட்டிருக்கா. வானத்துல ஒரு பொட்டு மேகம் இல்ல.

போன் அடிக்குது. மலை மேல தேயிலை எஸ்டேட்டுல வேலை பாக்குற தங்கச்சி இசக்கியம்மா.

"அக்கா... இங்க பேய்மழைக்கா. பயமா இருக்கு. நீ..."

"ஏட்டி, உனக்கென்ன! இங்க ஒரு தூத்தல் கிடையாது. கொஞ்சம் இந்தப் பக்கம் அனுப்பி விடுட்டி!"

சிரிச்சா. போனை வச்சுட்டா.

அனுப்பச் சொன்னாள்லா? வந்துச்சு.

மொதல்ல சேத்து வாடை. அப்புறம் ஒரு சத்தம்... லாரி வாற மாதிரி. ஆத்துக்குள்ள ஏதுய்யா லாரி? நிமுந்து பாக்கா. செந்தண்ணி! கொப்பும் சருகுமா, ஆத்தை அடைச்சுக்கிட்டு வருது! அப்பவும் வெயில் அடிக்கி!

"ஏ... எம்புள்ள!"

ஓடுதா. காத்து தொட்டிச் சேலைய முறுக்கி வச்சிருக்கு. பிரிக்கா... பிரிக்கா... தண்ணி முட்டளவு... இடுப்பளவு... புள்ள உள்ள வீறிட்டு அழுது!

எப்படியோ உருவி எடுத்து, தலைக்கு மேல தூக்கிக் கரையேறிட்டா. திரும்பிப் பாத்தா, மிளகாய் கிடந்த எடமே இல்ல.

அப்பத்தான் தங்கச்சி ஞாபகம் வருது. கரையில நின்னவங்க போனை வாங்கி அடிக்கா. ரிங்கு போகுது... எடுக்கல. மறுபடியும்... எடுக்கல. இங்க இவ்வளவு வந்திருக்கே, அங்க எவ்வளவு கொட்டியிருக்கும்? விடாம அடிச்சுக்கிட்டே இருக்கா.

பொழுது சாயுற நேரம், தங்கச்சி எடுத்தா. அக்கா குரலைக் கேட்டதும் என்ன கேட்டா தெரியுமா?

"அக்கா... புள்ள எங்க?"

"எங்கிட்டதான்டி இருக்கு"ன்னா செல்லக்கனி. அழுதா.

"ஆத்துல தண்ணி வரும், ஏறிருன்னு சொல்லத்தானேக்கா கூப்பிட்டேன்... நீ வச்சிட்டியே."

தாய்மாரே, அண்ணாச்சிமாரே, இப்ப உங்களைக் கேக்கேன். தூரத்துல ஒருத்தர் பயமா இருக்குன்னு சொன்னா, நம்ம தலைக்கு மேல வெயில்தானே அடிக்குதுன்னு சிரிக்கோமா, இல்லையா? அங்க கொட்டுற தண்ணி எந்த வழியாப் போகும்? நம்ம வாசல் வழியாத்தான்!

எனக்கு இதை நெனச்சா இப்பவும் பயமா வருது. அதனால சொல்லுதேன்... யாராவது நடுங்கிக்கிட்டு உங்களைக் கூப்பிட்டா, பேசி முடிக்க விடுங்க. அவங்க பயப்படுறது அவங்களுக்காகன்னு யார் சொன்னா?

உங்களுக்காகத்தான் இருக்கும்.