முள் எடுத்த மீன்

என் தம்பி றாஸிக்குக்கு மீனில் முள் எடுத்துத்தான் கொடுக்க வேண்டும், ஐயா. மேசன் வேலை செய்கிற கை. அந்தக் கையால் மாடி வீடு கட்டுவான். ஒரு கீரிமீனைப் பிரித்துச் சாப்பிடத் தெரியாது. கடல் வந்து உம்மாவையும் வாப்பாவையும் கொண்டுபோனபோது அவன் சின்னப் பிள்ளை. அன்றிலிருந்து முள் எடுத்தது நான்தான். எனக்குப் பேசி வந்த மாப்பிள்ளைகளையும் அவனுக்காகத்தான் வேண்டாம் என்றேன்.

நீங்கள் வெளியூர். இந்தப் பக்கத்து வழக்கம் தெரிந்திருக்காது. எங்களில் கலியாணம் முடிந்தால் பெண் வீட்டை விட்டுப் போக மாட்டாள். மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போவான். றாஸிக்குக்கு மருதமுனையில் நுஸ்ஹாவைப் பேசி நாளும் குறித்தார்கள். அவன் கட்டித் தந்த கல்முனை வீட்டில் நான் தனியாக இருக்க வேண்டும். அவனுக்கு அது பகிடி.

“மருதமுனைக்கிப் போறன் ராத்தா, மக்காவுக்கா போறன்? ஆட்டோ ஏறினா உங்கட கறி ஆறமுந்தி வந்திருவன்.”

“அங்க ஆரு முள்ளு எடுத்துத் தருவா?”

“அவளுக்கு வேற வேல இல்லையா? நான் பழகிக்குவன்,” என்று சிரித்தான்.

பழகிக்கொள்வானாம்.

அவன் விழுந்த கதை ஊருக்கே தெரியும். தண்ணீர்த் தாங்கியைப் பார்க்க ஏறியவன், ஏணி சரிந்து, சீமெந்துத் தரையில் முதுகு அடிபட விழுந்தான். முள்ளந்தண்டு என்றார்கள் ஆஸ்பத்திரியில். இரண்டு காலும் விழுந்துவிட்டன. கலியாணமும் நின்றது. பக்கத்து வீட்டார் கஞ்சி கொண்டுவந்து அழுதார்கள்; நான் தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுத்து அவர்களைத் தேற்றினேன். புண் வராமல் அவனைப் புரட்டிப் படுக்க வைத்தேன். உடம்பு துடைத்தேன், தலை வாரினேன், ஊட்டினேன். என் கவனிப்பில் யாரும் குறை சொல்ல முடியாது. எங்கள் வீட்டில் அவ்வளவு நிம்மதி அதற்கு முன்பு இருந்ததில்லை.

கால்களுக்குப் பயிற்சி கொடுக்க ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு பிள்ளையை அனுப்பினார்கள். பயிற்சியின்போது இவன் முதுகு வலித்துக் கத்தினான். நாட்டு வைத்தியம் பார்க்கிறோம், இனி வர வேண்டாம் என்று வாசலிலேயே சொல்லி அனுப்பிவிட்டேன். றாஸிக்கிடம், அந்தப் பிள்ளைக்கு இடமாற்றம் என்றேன்.

நுஸ்ஹா மட்டும் வருவதை நிறுத்தவில்லை. வெள்ளிக்கிழமைகளில் தாயுடன் வட்டிலப்பம் எடுத்து வருவாள். ஒருநாள் போர்வையைச் சரிசெய்தவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

“மதினி, கால் விரல் அசையுது.”

“அது கனநாளா அசையுதே,” என்றான் றாஸிக். “ராத்தாக்கிட்டச் சொன்னன். சும்மா நரம்பு துடிக்கிற, ஆசப்படாத எண்டாங்க.”

நுஸ்ஹாவும் தாயுமாக அவனை அன்றே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அவன் என் வீட்டுக்குத் திரும்பவில்லை. ஆரம்பத்திலேயே பயிற்சி கொடுத்திருந்தால் நடந்திருப்பான், இனி நடக்க மாட்டான் என்றாராம் டொக்டர். அதற்குத்தான் என்மேல் பொலிஸில் முறைப்பாடு. நான் மறுக்கவில்லை.

ஏணியைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. நானே சொல்கிறேன். ஏணியின் மேல்முனையைக் கட்டியிருந்த கம்பியை, அவனுடைய குறடு கொண்டு அவிழ்த்தது நான். தாங்கியிலிருந்து வரும் குழாயை அடைத்துவிட்டு, தண்ணீர் வரவில்லை, ஏறிப் பார் தம்பி என்றதும் நான். ஒரு கால் முறிந்தால் கலியாணம் தள்ளிப்போகும், அவ்வளவுதான் நினைத்தேன். விழுந்த சத்தம் கேட்டபோது மீன் வெட்டிக்கொண்டிருந்தேன். மிச்சத்தையும் வெட்டி மூடிவைத்துவிட்டுத்தான் எழுந்து போனேன். பூனை இருக்கிறது.

இப்போது நிக்காஹும் முடிந்து அவன் நுஸ்ஹா வீட்டில் இருக்கிறான். நீங்கள் வாக்குமூலம் எடுக்கப் போனபோது, அவன் சக்கர நாற்காலியில் உட்கார்ந்து தானே முள் எடுத்துச் சாப்பிட்டதைப் பார்த்தேன் என்கிறீர்கள். உங்களுக்கு முன்னால் வெட்கப்பட்டு அப்படிச் செய்திருப்பான். அவனுக்குத் தெரியாது, ஐயா. நாளைக்குச் சோற்றுக் கோப்பையைக் கையில் கொடுத்ததும் அவன் என்னைத்தான் தேடுவான். அதற்கு முதல் என்னை விட்டுவிடுவீர்கள்தானே?