குமிழின் நெற்றியில் மணல்

ஐயா, உங்கள் அறை மின்விசிறி தலையை ஆட்டிக்கொண்டு சுற்றுகிறது. மேலே திருகு தளர்ந்திருக்கும். ஆளைக் கூப்பிட்டு முடுக்கச் சொல்லுங்கள். அடியில் உட்காருகிறவர் நீங்கள்.

கேட்டதற்கு வருகிறேன். காற்றுச் சுரங்கத்தில் சிறிய மாதிரி விமானத்தை நிறுத்தி, அதன்மேல் காற்றைப் பாய்ச்சிப் பார்ப்பது என் வேலை. புது விமானத்தின் முதுகில் கேமராவுக்காக ஒரு கண்ணாடிக் குமிழ் வைத்தார்கள். வடிவமைத்தவர் எங்கள் தலைமைப் பொறியாளர். விமானம் ஒலியின் வேகத்தை நெருங்கும்போது, குமிழின்மேல் வளைந்தேறும் காற்று ஒலியையே முந்திவிடும். அது மறுபடி தணியும் இடத்தில் அதிர்ச்சி அலை சுவர்போல் எழும். உருண்டைமேல் அந்தச் சுவருக்கு இருப்புக்கொள்ளாது; முன்னும் பின்னும் ஓடும். அதற்குப் பின்னால் காற்று கிழிந்து, சுழன்று சுழன்று போய் வாலை அறையும்.

இதைக் கூட்டத்தில் சொன்னேன். படமும் காட்டினேன்.

"அலை ஆடலைய்யா, உன் கை ஆடுது," என்றார் அவர். "ஃபேன் சுவிட்சைப் போடுற ஆளுக்கு வாயைப் பாரு. போய் ஆடாத படமா எடுத்துட்டு வா."

மேசையைச் சுற்றி எல்லோரும் சிரித்தார்கள். அன்று காதில் ஏறிய சூடு இன்னும் இறங்கவில்லை. ஆனாலும் சொன்னதைச் செய்தேன்.

மாதிரி சிறியது, விமானம் பெரியது. அந்த வித்தியாசத்தை ஈடுகட்ட, மாதிரியின் இறக்கை விளிம்பில் பொடிமணலைப் பட்டையாக ஒட்டுவது எங்கள் வழக்கம். சொரசொரப்பில் உரசிய காற்று எளிதில் பிய்த்துக்கொண்டு போகாது. அதே மணலைக் குமிழின் நெற்றியிலும் ஒட்டினேன், சற்றுத் தடிமனாகவே. அலை அடங்கி நின்றது. நிஜக் குமிழோ வழுவழுப்பான கண்ணாடி. அதில் மணல் ஏது?

அவர் படத்தைப் பார்த்து, "இப்பத்தான் உருப்பட்டிருக்க," என்று முதுகில் தட்டினார். மணலைப் பற்றிக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். நான் பொய் சொல்கிற ஆள் இல்லை.

முதல் பறத்தலில், பெரிய மனிதர்கள் அண்ணாந்து பார்க்கையில் விமானம் ஆட வேண்டும். அவர் முகத்தில் கரி பூச வேண்டும். என் எண்ணம் அவ்வளவுதான்.

சோதனை விமானி என் தங்கையின் கணவர். அவர்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. கிளம்புமுன் தலைக்கவசத்தை இடுக்கிக்கொண்டு சுரங்கத்துக்கே வந்தார்.

"மச்சான், குமிழ் விஷயத்துல உங்க பெரியவர் பேச்சை நான் நம்பல. நீங்க சொல்லுங்க, ஏறலாமா?"

"காத்து என் பேச்சைக் கேக்கும் மாப்ள. தைரியமா ஏறுங்க."

"அப்ப சரி. விழுந்தேன்னா உங்க தங்கச்சி உங்க சட்டையைத்தான் பிடிப்பா," என்று சிரித்துக்கொண்டே போனார்.

வால் தாங்காது என்று எனக்குத் தெரியும். ஆனால் உண்மையைச் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும், யோசித்துப் பாருங்கள். பறத்தலை நிறுத்துவார்கள். குமிழை ஓசைப்படாமல் மாற்றுவார்கள். அந்த ஆள் பாராட்டு வாங்கிக்கொண்டு மீசையைத் தடவுவார். அதை எப்படிப் பொறுப்பது?

வால் முறிந்தது. மாப்பிள்ளை கிடைத்தவரைக்கும் கிடைத்தார்.

ஆக, மணலை ஒட்டியது நான். தெரிந்தே ஏற்றிவிட்டதும் நான். எழுதிக்கொள்ளுங்கள். ஒரே ஒரு வேண்டுகோள், தங்கையைப் பார்க்க அனுமதி கொடுங்கள். என் முகத்திலேயே விழிக்க மாட்டேன் என்கிறாளாம். யாரும் அவளுக்குச் சரியாக எடுத்துச் சொல்லவில்லை போலிருக்கிறது. அவள் புருஷனைக் கொன்றது அந்தப் பெரியவர்தான் என்று நான் நிதானமாக விளக்கினால் புரிந்துகொள்வாள்.