இரண்டு கட்டி ஐஸ்

அன்று ஐஸ் ஆலையில் இருந்தவர்கள்: மெஷின் ஓட்டும் சுப்ராயன், மீன் லாரி டிரைவர் ராஜா, கீழவாஞ்சூர் துறைமுகத்தில் இரவு வேலையை விட்ட பிறகும் தூக்கம் வராத நான். கரண்ட் போய் ஒரு மணி நேரம். அமோனியா வாடை மட்டும் நின்றது.

சுப்ராயன் சொன்னார். அவருடைய மச்சான் அன்பழகனுக்கு நடந்தது. 2008, மார்கழி.

விடியற்காலை மூன்றரை. திருவேட்டக்குடி சாலை. ஆள் இல்லை... அன்பழகன் ஓட்டிய வேனில் ஐஸ் மட்டும்.

அந்த ஊர் மீன்காரிகளைச் சந்தைக்கு ஏற்றிப் போவது அன்பழகன்தான். அமிர்தத்தை மட்டும் ஆறு மாதமாக ஏற்றவில்லை. அவளுக்கு விரல் வெளுக்கும், பிறகு நீலமாகும். ஐஸில் கை வைக்கிறவளுக்கு அப்படித்தான் என்று விட்டுவிட்டார்கள். பிறகு முகத்தோல் இறுகியது. வறட்டு இருமல். டி.பி. என்று மற்றவர்கள் பக்கத்தில் உட்கார மறுத்தார்கள். கூடையோடு நடந்தாள். நூறடிக்கு ஒருமுறை நின்றாள். முந்தின நாள்தான் அன்பழகனுக்கு விஷயம் தெரிந்தது. தோலை இறுக்கும் நோய், நுரையீரலுக்குள் போய்விட்டது. யாருக்கும் ஒட்டாது.

மதகடியில் அவள் நின்றாள். நிறுத்தினான்.

"ஏறுங்கக்கா. ஒட்டாதாம். எனக்குத் தெரியாமப் போச்சு."

முன்சீட்டில் உட்கார்ந்தாள். விளக்கெண்ணெய் வாடை. மூச்சு... பிள்ளைகள் ஷூவில் ஒட்டுப்பட்டையை மெல்லப் பிரிக்கிற சத்தம். டாக்டர் குழாய் வைத்தால்தான் கேட்குமாம். அவனுக்கு வெறுங்காதில் கேட்டது.

"சந்தைக்கு வேணாம் தம்பி. வீட்டுல விடு."

"பேய்க்கு அரை டிக்கெட்டா மாமா?" என்றான் ராஜா.

சுப்ராயன் சிரிக்கவில்லை.

வீட்டு வாசலில் அவள் புருஷன் இளையபெருமாள் நின்றிருந்தார்.

"நல்ல நேரத்துல வந்த, அன்பு. ஒரு மணிக்குப் போயிட்டா. பையன் சொந்தக்காரங்களுக்குச் சொல்லப் போயிருக்கான். கண்ணாடிப் பெட்டி விடிஞ்சாத்தான் கெடைக்குமாம். ரெண்டு கட்டி ஐஸ் எறக்கு, அதுமேல கெடத்துவோம்." கொஞ்சம் நிறுத்தினார். "நோவு வந்ததுலேருந்து ஐஸ் பட்டா அழுவா. என்ன செய்யறது."

அன்பழகன் சீட்டைப் பார்த்தான். காலி.

இருவருமாக முதல் கட்டியைச் சாக்கில் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தார்கள். வீட்டுக்குள் பிணத்தைத் தவிர ஆள் இல்லை. அந்த ஒட்டுப்பட்டை பிரிகிற சத்தம் அவர்களை உரசிக்கொண்டு போனது. முதல் படியில் நின்றது... இரண்டாவதில் நின்றது... உள்ளே போனது.

கதவு சாத்திக்கொண்டது. உள்ளேயிருந்து தாழ்ப்பாள் விழுந்தது.